மணலி ஹைட்ரஜனுக்கு ஒன்று, கொடுங்கையூர் வாயுவுக்கு வேறொன்று: புரோட்டான் கடத்தும் மின்பகுளிகள் ஓர் ஒப்பீடு

செராமிக் எரிபொருள் மின்கலத்துக்குப் புரோட்டான் கடத்தும் மின்பகுளியை, அதாவது இரு மின்வாய்களுக்கும் நடுவே நின்று புரோட்டானைக் கடத்தும் செராமிக் அடுக்கை, தேடும்போது பலரும் முதலில் புரட்டுவது கடத்துதிறன் அட்டவணையை. அதில் மேலே நிற்கும் பொருளை எடுத்து அரைத்துச் சுட்டுவிட்டு, சில மாதம் கழித்து வில்லை ஓரத்திலிருந்து உதிரத் தொடங்கும்போது காரணம் தேடுவார்கள். அட்டவணையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்து இரண்டு கேள்விகளுக்கு முதலில் விடை எழுதுங்கள். கலத்துக்குள் போகும் வாயுவில், அல்லது அங்கே உருவாகும் வாயுவில், கார்பன் டைஆக்சைடு இருக்குமா? உங்கள் உலை பத்து மணி நேரம் அசையாமல் எத்தனை டிகிரியில் நிற்கும்? இந்த இரண்டும் தெரிந்தால் தேர்வு பாதிக்கு மேல் முடிந்துவிடும்.

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகமோ சிறு பட்டறையோ இதைத் தொடங்குவதாக வைத்துக்கொண்டு இதை எழுதுகிறோம். சுற்றிப் பார்த்தால் நான்கு வகை எரிபொருள் கண்ணில் படும். மணலியில் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலை ஹைட்ரஜனைத் தானே தயாரித்துக் கந்தகம் நீக்கப் பயன்படுத்துகிறது. ஆய்வகத்துக்கு வருவது சிலிண்டர் ஹைட்ரஜன். எண்ணூரில் உரத் தொழிலுக்காக அம்மோனியா கப்பலில் வந்து இறங்குகிறது. காமராஜர் துறைமுகத்தில் 2019 முதல் திரவ இயற்கை எரிவாயு முனையம் இயங்குகிறது. கொடுங்கையூரில் கழிவுநீர்க் கசடைச் செரிக்கவைத்து எடுக்கும் வாயு இருக்கிறது. இந்த நான்கில் ஹைட்ரஜனும் அம்மோனியாவும் ஒரு கட்சி. மீத்தேன் உள்ள மற்ற இரண்டும் எதிர்க்கட்சி. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

முதலில், ஆக்சிஜன் அயனி கடத்தும் பழைய பொருளை விட்டு ஏன் இங்கே வரவேண்டும்? இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) கலந்த சிர்கோனியா (சிர்கோனியம் டைஆக்சைடு) 800 டிகிரி செல்சியஸில் நன்றாக வேலை செய்யும். 600 டிகிரிக்கு இறங்கினால் அதன் கடத்துதிறன் செ.மீ.க்கு 0.003 சீமென்ஸ் அளவுக்கு வந்துவிடும். ஆக்சிஜன் அயனி நகரத் தேவைப்படும் ஆற்றல் 0.9 முதல் 1 எலக்ட்ரான் வோல்ட், புரோட்டானுக்கு 0.4 முதல் 0.6 போதும். அதனால் வெப்பநிலை இறங்கும்போது புரோட்டான் கடத்தி அவ்வளவு வேகமாகச் சரிவதில்லை. இன்னொரு லாபம், தண்ணீர் காற்றுப் பக்கத்தில் உருவாவது. எரிபொருள் நீராவியால் நீர்த்துப்போகாது.

1981இல் ஜப்பானில் ஹிரோயாசு இவஹாராவின் குழு ஸ்ட்ரான்சியம் செரேட்டில் இந்தப் பண்பை எடுத்துக்காட்டியது. பொருளில் நான்கு இணைதிற உலோகத்தின் இடத்தில் மூன்று இணைதிற உலோகத்தைக் கொஞ்சம் வைத்தால் ஆக்சிஜன் காலியிடம் பிறக்கும். நீராவி அந்தக் காலியிடத்தில் போய் உட்கார்ந்து இரண்டு ஹைட்ராக்சில் ஆகும். அதிலுள்ள புரோட்டான் ஒரு ஆக்சிஜனிலிருந்து அடுத்த ஆக்சிஜனுக்குத் தாவும். ஆக, ஈரம் இல்லாமல் இந்தப் பொருளில் புரோட்டானே இல்லை.

இனி போட்டியாளர்கள். பேரியம் செரேட்டில் சீரியத்துக்குப் பதில் 10 முதல் 20 சதவீதம் இட்ரியம் வைத்தால் 600 டிகிரியில் செ.மீ.க்கு 0.01 சீமென்ஸைத் தாண்டும். சுடும்போது 1400 டிகிரிக்குள் துளையில்லாமல் இறுகிவிடும். ஆனால் கார்பன் டைஆக்சைடு பட்டால் பேரியம் கார்பனேட்டாகவும் சீரியம் ஆக்சைடாகவும் பிரிந்துவிடும். கொதிநீரில் போட்டால் பேரியம் ஹைட்ராக்சைடாகக் கரையத் தொடங்கும். எண்ணூர்க் கடற்காற்று நேராக அடிக்கும் கட்டடத்தில் இதன் பொடியைத் திறந்த டப்பாவில் வைப்பதே தவறு. பாடம் நடத்த நல்ல பொருள். கலம் கட்ட வேண்டாம்.

மறுகோடியில் இருப்பது பேரியம் சிர்கோனேட், 20 சதவீதம் இட்ரியத்தோடு. கார்பன் டைஆக்சைடோ நீராவியோ இதை ஒன்றும் செய்யாது. மணிகளின், அதாவது சுட்ட பொருளை ஆக்கும் நுண்படிகங்களின், உள்ளே புரோட்டான் அருமையாக ஓடும். மணி எல்லையில் மாட்டிக்கொள்ளும். எல்லையில் நேர்மின்னேற்றம் சேர்ந்து, பக்கத்தில் புரோட்டான்களே இல்லாத ஒரு மெல்லிய பட்டையை உண்டாக்குவதுதான் காரணம். மணி சிறிதாக இருந்தால் எல்லைகள் அதிகம், தடையும் அதிகம். மணி பெரிதாக வளர 1600 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் வேண்டும். அந்தச் சூட்டில் பேரியம் ஆவியாகும். பேரியம் போன இடத்துக்கு இட்ரியம் இடம் மாறினால் கடத்துதிறன் விழும். ஒரே பெயரில் ஒருவர் 0.01 என்றும் இன்னொருவர் 0.001 என்றும் அளந்து எழுதுவது இதனால்தான். இருவரும் சரியாகவே அளந்திருப்பார்கள். சுட்ட விதம் வேறு.

இந்த இரண்டையும் கலந்த திடக்கரைசல்கள்தான் இன்று நிஜமான தேர்வுகள். ஆய்வகங்களில் எண்ணைச் சொல்லியே அழைப்பார்கள். '1711' என்றால் பேரியம் ஒன்றுக்குச் சிர்கோனியம் 0.1, சீரியம் 0.7, இட்ரியம் 0.1, இட்டெர்பியம் 0.1. 2009இல் ஜார்ஜியா டெக்கில் மெய்லின் லியூவின் குழு கொண்டுவந்தது. 600 டிகிரியில் 0.02 சீமென்ஸை ஒட்டி நிற்கும். '4411' என்றால் சிர்கோனியம் 0.4, சீரியம் 0.4, மற்றவை அப்படியே. 2018இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சோசினா ஹைலியின் குழு இதைக் கொண்டு 500 டிகிரியிலேயே சதுர செ.மீ.க்கு அரை வாட் எடுத்துக் காட்டியது. கடத்துதிறன் 1711ஐவிடச் சற்றுக் குறைவு. கார்பன் டைஆக்சைடைத் தாங்குவதில் பெரிய முன்னேற்றம். இன்னும் சிர்கோனியத்தைக் கூட்டினால் '721' வரும்: சிர்கோனியம் 0.7, சீரியம் 0.2, இட்ரியம் 0.1. இதை இறுக்க 1550 டிகிரி பக்கம் போகவேண்டும்.

லாந்தனம் நியோபேட்டும் பட்டியலில் வரும். பேரியமே இல்லாததால் கார்பன் டைஆக்சைடு பயம் இல்லை. ஆனால் கடத்துதிறன் 800 டிகிரியிலும் 0.001 சீமென்ஸை எட்டுவதில்லை. மின்கலத்துக்கு இது போதாது.

அந்தப் 'போதாது' எங்கே தொடங்குகிறது என்பதற்கு ஒரு கணக்கு. மின்பகுளியின் தடை சதுர செ.மீ. கணக்கில் 0.15 ஓமுக்குள் இருந்தால் கலம் உருப்படும். தடிமனைக் கடத்துதிறனால் வகுத்தால் தடை கிடைக்கும். 0.01 சீமென்ஸ் உள்ள பொருளில் 15 மைக்ரான் படலம் போட்டால் சரியாக 0.15 வரும். அதே பொருளில் 1 மி.மீ. வில்லை செய்தால் 10 ஓம். ஆக, வில்லை அளவெடுக்க மட்டுமே. மின்சாரம் வேண்டுமென்றால் எரிபொருள் பக்க மின்வாயைத் தடிமனாகச் செய்து அதன்மேல் மின்பகுளியை மெல்லிய படலமாகப் பூசியே ஆகவேண்டும். 0.02க்கும் 0.015க்கும் உள்ள வித்தியாசத்தைவிட 15 மைக்ரானுக்கும் 30 மைக்ரானுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. 1711ஐ விட்டு 4411க்குப் போவதால் இழப்பதைப் படலத்தைக் கொஞ்சம் மெலிதாக்கி மீட்டுவிடலாம். உதிர்ந்துபோன வில்லையை எதைச் செய்தும் மீட்க முடியாது.

வாயு எது என்று பார்த்துத் தேர்வு

சிலிண்டர் ஹைட்ரஜன் என்றால் 1711, 4411, 721 மூன்றும் ஓடும். எரிபொருள் பக்கம் கார்பன் இல்லை. காற்றுப் பக்கத்தில் இருக்கும் 0.04 சதவீதக் கார்பன் டைஆக்சைடும் 1711ஐ மெல்ல மேற்பரப்பில் அரிக்கும். காற்று வரும் குழாயில் சோடா லைம் நிரப்பிய ஒரு கண்ணாடிக் குழலை வைத்தால் அந்தக் கவலை தீரும். சில நூறு மணி நேரச் சோதனைக்கு 1711 சரியான தேர்வே.

அம்மோனியா இந்த வகைக் கலத்துக்கு இயல்பாகப் பொருந்துகிறது. 600 டிகிரியில் நிக்கல்மேல் பட்டால் நைட்ரஜனாகவும் ஹைட்ரஜனாகவும் உடையும். புரோட்டான் மட்டும் மின்பகுளியைத் தாண்டிப் போவதால் நைட்ரஜன் ஆக்சிஜனைச் சந்திப்பதே இல்லை. நைட்ரஜன் ஆக்சைடுகள் உருவாக வழி இல்லை. கார்பன் இல்லாததால் சீரியம் மிகுந்த மின்பகுளியும் தாங்கும். உடையாமல் மிஞ்சும் அம்மோனியா நிக்கலை நைட்ரைடாக்கி, திரும்பத் திரும்ப அது நடக்கும்போது மின்வாயைப் பொடிக்கும் என்பது ஒரு சிக்கல். 550 டிகிரிக்குக் கீழே இது கூடும். பாதுகாப்புதான் பெரிய விஷயம். 2023 டிசம்பர் இறுதியில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓட வேண்டியிருந்தது. அந்த ஊருக்குப் பக்கத்தில் அம்மோனியா சிலிண்டர் வைக்கிறவர்கள் அக்கம்பக்கத்தாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். வேலையிடத்தில் நாள் முழுவதற்குமான வரம்பு 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு). 300 பிபிஎம் உயிருக்கு ஆபத்தான அளவு. உணரி, தானே மூடும் வால்வு, வெளியேறும் வாயுவைத் தண்ணீரில் கரைக்கும் அமைப்பு மூன்றும் பொருத்தப்படும்வரை ஹைட்ரஜனோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கசடு வாயுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கார்பன் டைஆக்சைடு. 'அதைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் கழுவிவிட்டால் 1711 போதுமே' என்ற யோசனை அடிக்கடி வரும். போதாது. மீத்தேன் நிக்கல்மேல் நீராவியோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் ஆகிறது. அந்த மோனாக்சைடு மேலும் நீராவியோடு சேர்ந்து டைஆக்சைடாகிறது. வாசலில் கழுவி அனுப்பினாலும் வீட்டுக்குள் மறுபடி பிறக்கும். துறைமுக இயற்கை எரிவாயுவுக்கும் இதே கதை. மின்பகுளி ஹைட்ரஜனைத் தொடர்ந்து உறிஞ்சுவதால் கலத்தில் வாயு வெளியேறும் முனையில் டைஆக்சைடின் செறிவு இன்னும் ஏறும். அரிப்பு தொடங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். எனவே மீத்தேன் என்றால் குறைந்தபட்சம் 4411. ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடவேண்டுமானால் 721. கந்தகம் தனிக் கணக்கு. 1711 உள்ள மின்வாய் 750 டிகிரியில் 20 பிபிஎம் ஹைட்ரஜன் சல்பைடைத் தாங்கியது உண்மை. சுத்தம் செய்யாத கசடு வாயுவில் அது நூற்றுக்கணக்கில் இருக்கும். இரும்பு ஆக்சைடுப் படுகை வழியாக விடாமல் எந்தக் கலத்துக்கும் கொடுக்கக்கூடாது.

உலையும் நிக்கலும்

சிலிக்கான் கார்பைடு கம்பி உலை என்றால் 1450 டிகிரிதான் நடைமுறை எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலிப்டினம் டைசிலிசைடு கம்பி இருந்தால் 1600ஐத் தாண்டலாம். வெப்ப இணை 'கே' வகையாக இருந்தால் 1200க்கு மேல் அது சொல்வதை நம்பக்கூடாது. 'எஸ்' அல்லது 'பி' வகை வேண்டும். 1450 உலை உள்ளவர்களுக்கு 721ம் தூய பேரியம் சிர்கோனேட்டும் எட்டாது என்று தோன்றும். அங்கே கை கொடுப்பது நிக்கல் ஆக்சைடு. எடையில் 1 சதவீதம் சேர்த்தால், பேரியமும் இட்ரியமும் நிக்கலும் சேர்ந்த ஓர் இடைச் சேர்மம் உருவாகி, மணிகளுக்கு இடையே திரவம் போல ஓடி இறுக்கத்தை வேகப்படுத்தும். தனியாகக் கால்சினேஷன் (பொடியை முன்கூட்டியே ஒருமுறை சுடுவது) செய்யாமல், கார்பனேட்டையும் ஆக்சைடுகளையும் நிக்கலோடு அழுத்தி நேராகச் சுட்டுவிடலாம். கொலராடோ ஸ்கூல் ஆஃப் மைன்ஸில் ரயன் ஓஹைரின் குழு 2015இல் இந்த வழியில் முழுக் கலங்களையே செய்து காட்டியது.

விலை இல்லாமல் எதுவும் கிடைப்பதில்லை. நிக்கல் பேரியத்தை இழுத்துக்கொள்வதால் பொருள் உள்வாங்கும் ஈரம் குறையும், புரோட்டானும் குறையும். 1 சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: மின்வாயில் ஏற்கெனவே 60 சதவீதம் நிக்கல் ஆக்சைடு இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சுடும்போது அதிலிருந்து போதுமான நிக்கல் மெல்லிய படலத்துக்குள் தானே பரவிவிடும். மின்வாய் தாங்கும் கலத்தில் மின்பகுளிப் பொடிக்குத் தனியாக நிக்கல் சேர்ப்பது பெரும்பாலும் வீண். தனி வில்லைக்கு மட்டும் சேருங்கள்.

4411க்கு ஒரு முழு அளவு

0.1 மோலுக்கு: பேரியம் கார்பனேட் 19.734 கிராம், சிர்கோனியம் டைஆக்சைடு 4.929, சீரியம் டைஆக்சைடு 6.884, இட்ரியம் ஆக்சைடு 1.129, இட்டெர்பியம் ஆக்சைடு 1.970. கார்பன் டைஆக்சைடு போனபின் சுமார் 30.2 கிராம் மிஞ்சும். அதற்கு நிக்கல் ஆக்சைடு 0.30 கிராம். எடை போடுமுன் இட்ரியம், இட்டெர்பியம் ஆக்சைடுகளை 900 டிகிரியில் சுட்டு, சூடு குறைந்ததும் டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலனில்) வையுங்கள். சென்னைக் காற்றில் அவை ஈரமும் கார்பன் டைஆக்சைடும் உறிஞ்சி எடையில் ஏமாற்றும். பேரியம் கார்பனேட்டை 200 டிகிரியில் உலர்த்தினால் போதும். அது வயிற்றுக்குள் போனால் நஞ்சு. நிக்கல் ஆக்சைடுத் தூசி நுரையீரல் புற்றுநோய் தரக்கூடியது. முகமூடி இல்லாமல் பொடியைத் தொடவேண்டாம். மேசையை ஈரத்துணியால் துடையுங்கள், துடைப்பம் எடுக்காதீர்கள்.

சிர்கோனியா குண்டுகளோடு ஐசோப்ரோப்பனாலில் 24 மணி நேரம் பால் மில்லில் அரையுங்கள். ஒருமுறை சுட்டு உருவான பொடியை மீண்டும் அரைக்கும்போது தண்ணீர் கூடவே கூடாது. பேரியம் கரைந்து போய், உலர்ந்தபின் மேலே வெள்ளைப் படிவாக வரும். 20 மி.மீ. டையில் 150 மெகாபாஸ்கலுக்கு ஏறத்தாழ 4.8 டன் அழுத்தம் தேவை. 1450 டிகிரியில் 12 மணி நேரம். ஏற்றம் நிமிடத்துக்கு 3 டிகிரி, 800 முதல் 1100 வரை கார்பனேட் உடையும் கட்டத்தில் 1 டிகிரி. வில்லையை அலுமினாத் தட்டின்மேல் நேராக வைக்காதீர்கள்: பேரியம் அலுமினேட் உருவாகி ஒட்டிக்கொள்ளும், வில்லையின் அடிப்பக்கம் பேரியம் இழக்கும். அதே பொடியில் ஒரு படுகை செய்து, மேலேயும் தூவி, மூடியிட்ட மூசையில் (க்ரூசிபிளில்) சுடுங்கள். இழப்பை ஈடுகட்ட முதலிலேயே பேரியத்தைக் கூட்டிப் போடுவது எளிய வழியாகத் தெரியும். நம் ஊர் ஈரத்தில் அது வேண்டாம். மிஞ்சிய பேரியம் மணி எல்லையில் தங்கி, ஹைட்ராக்சைடாகி உப்பி, நல்ல வில்லையையும் விரிசல் விடவைக்கும்.

அடர்த்தி 95 சதவீதத்தைத் தொட வேண்டும். கோட்பாட்டு அளவு கன செ.மீ.க்கு 6.2 கிராமை ஒட்டி. தண்ணீரில் எடை பார்க்காமல் எத்தனாலில் பாருங்கள். எத்தனாலில் கரைத்த சிவப்பு மை ஒரு சொட்டை மின்பகுளிப் பக்கம் விட்டு, பத்து நிமிடம் கழித்து மறுபக்கம் பார்த்தால் ஊசித்துளை இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

ஈரத்தைப் பற்றித் தனியாக

வெளிநாட்டு ஆய்வறிக்கைகளில் '3 சதவீத நீராவி' என்று வரும். 25 டிகிரி அறையில் வாயுவைத் தண்ணீர்ப் புட்டிக்குள் குமிழியிட்டு விட்டால் கிடைப்பது அது. தண்டையார்பேட்டையில் குளிரூட்டி இல்லாத அறையில் தண்ணீர் 32 டிகிரி இருந்தால் அதே புட்டி 4.7 சதவீதம் தரும்; மே மாதத்து 35 டிகிரியில் 5.5. புட்டியை 25 டிகிரித் தொட்டியில் வைத்தால்தான் மற்றவர்கள் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட முடியும். புட்டிக்கும் உலைக்கும் இடையே குழாய் குளிர்ந்தால் நீர் படிந்து கணக்கே மாறும்.

இதைவிட நுட்பமானது காற்றுப் பக்கம். புரோட்டான் கடத்தியில் தண்ணீர் அங்கேதான் உருவாகிறது. எனவே திறந்த சுற்று மின்னழுத்தத்தை (மின்சாரம் எடுக்காதபோது கலம் காட்டுவதை) தீர்மானிப்பது காற்றுப் பக்க ஈரம். 600 டிகிரியில் அந்த ஈரம் பத்து மடங்கு கூடினால் சுமார் 87 மில்லிவோல்ட் குறையும். கொளத்தூர் வண்ணமீன் கடையில் கிடைக்கும் காற்றுப் பம்பால் அறைக்காற்றையே ஊதினால், 30 டிகிரியும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில் அந்தக் காற்றில் ஏற்கெனவே 3 சதவீதம் நீராவி இருக்கிறது. சிலிகா ஜெல் வழியாக ஊதும் நண்பரின் கலம் உங்களுடையதைவிட அதிக மின்னழுத்தம் காட்டினால், அவருடைய மின்பகுளி உயர்ந்தது என்று முடிவுகட்ட வேண்டாம். அதே சமயம் காற்றை முழுதும் உலர்த்துவதும் தவறு: ஈரம் குறைந்த ஆக்சிஜனில் இந்தப் பொருட்கள் மின்துளைகளை (எலக்ட்ரான் இல்லாத இடங்களை) கடத்துவதால் மின்னோட்டம் உள்ளுக்குள்ளேயே கசியும். சிர்கோனியம் மிகுந்தவற்றில் இது கூடுதலாகத் தெரியும். 3 சதவீதம் ஈரமுள்ள காற்றில் 600 டிகிரிக்குக் கோட்பாட்டு மதிப்பு சுமார் 1.14 வோல்ட். 1.0க்கு மேல் வந்தால் நல்ல கலம். 0.9க்குக் கீழே என்றால் மின்பகுளியைச் சந்தேகிக்குமுன் ஓர அடைப்பில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கள் தேர்வு

1450 உலையும் சிலிண்டர் ஹைட்ரஜனும் உள்ள ஆய்வகம் 4411இல் தொடங்கட்டும். 1400ஐத் தாண்டாத உலை என்றால் 1711, காற்றுக்குச் சோடா லைமோடு. 1550ஐத் தொடும் உலையும் கொடுங்கையூர் வாயுவில் ஆசையும் இருந்தால் 721. மின்வாய்க்கு எடையில் 60 பங்கு நிக்கல் ஆக்சைடு, 40 பங்கு அதே மின்பகுளி, துளைகளுக்காக மேலே 15 சதவீதம் ஸ்டார்ச். ஹைட்ரஜனில் குறைக்கும்போது நிக்கலின் கன அளவு ஏறத்தாழ 41 சதவீதம் சுருங்கும்; துளை வழி திறப்பதும் அதனால்தான், அவசரப்பட்டால் கலம் வெடிப்பதும் அதனால்தான். முதலில் நைட்ரஜனில் 5 சதவீதம் ஹைட்ரஜன் கலந்து தொடங்கி, பல மணி நேரத்தில் மெல்லக் கூட்டுங்கள்.

கலம் கட்டுமுன் ஒரு சோதனையை மட்டும் தவிர்க்காதீர்கள். சுட்ட பொடியில் 2 கிராமை எடுத்து, நீங்கள் பயன்படுத்தப்போகும் வாயுக் கலவையிலேயே 600 டிகிரியில் 50 மணி நேரம் வைத்து, எக்ஸ் கதிர் விளிம்பு விலகல் எடுங்கள். தாமிரக் கதிரில் பேரியம் கார்பனேட்டின் கோடு 23.9 டிகிரியில் வரும், பாருங்கள். சீரியம் ஆக்சைடின் பெரிய கோடு 28.5இல் இருந்தாலும், சீரியம் மிகுந்த மின்பகுளியின் கோடும் அதை ஒட்டியே வருவதால் அங்கே ஏமாறலாம், 47.5இல் தேடுங்கள். ராமன் கருவி கிடைத்தால் 1059 அலைஎண்ணில் கார்பனேட் இன்னும் சீக்கிரமாகவே தெரியும். அந்தக் கோடு எழுந்தால், கடத்துதிறன் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அந்தப் பொடியைக் கலத்துக்கு எடுக்காதீர்கள், சிர்கோனியத்தை 0.1 கூட்டி அடுத்த அளவை எடைபோடுங்கள்.